உரையை எந்தப் பெட்டியில் வைப்பது? மின்னூலகத்தில் உறவுகளைப் பதிவதற்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று பதிப்பித்தார். அதன் பிற்பகுதியில், மெய்ப்பாட்டியல் முதலாக வரும் இயல்களுக்கு அச்சான உரை பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரருடையது என்று பின்னர் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார், புலவர் உலகம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பழைய பதிப்பு ஸ்கேன் செய்யப்பட்டு உங்கள் நூலகத்தின் சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 'உரையாசிரியர்' என்ற இடத்தில் எதை எழுதுவீர்கள்? அச்சில் உள்ள பெயரா, ஆய்வு காட்டிய பெயரா? இரண்டும் வேண்டும் என்றால், எந்தப் பெயர் எந்த இயலுக்கு உரியது, யார் சொன்னதன் பேரில் என்பதை எங்கே எழுதுவீர்கள்?

மின்னூலகம் தொடங்குகிறவர்கள் ஸ்கேனரைப் பற்றியும் சேமிப்பிடத்தைப் பற்றியும் எழுத்துணரியைப் பற்றியும் மாதக்கணக்கில் பேசுகிறார்கள். மூலத்துக்கும் உரைக்கும், இதழுக்கும் அதில் வந்த தொடருக்கும், ஏட்டுக்கும் அச்சுக்கும் உள்ள உறவை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். மென்பொருள் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் அதை எழுதியவருக்கு எது தோன்றியதோ அந்த வழியில். அவர் தொல்காப்பியத்தை நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: இங்கே உறவு எங்கே குடியிருக்கிறது? ஒரு புலத்தில், அதாவது பட்டியல் பதிவில் ஒரு விவரத்துக்கான கட்டத்தில், எழுதிய சொல்லாகவா, பக்கத்தில் வைத்த இணைப்பாகவா, ஒரு பதிவு இன்னொரு பதிவைச் சுட்டுவதாகவா, அல்லது தனக்கென ஆதாரமும் ஆளும் உடைய தனிக் கூற்றாகவா? முடிவெடுக்க வேண்டியவராக நான் நினைப்பது, சில ஆயிரம் நூல்களும் கொஞ்சம் ஓலைச்சுவடியும் இதழ்த் தொகுப்புகளும் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளை நூலகத்தை. இரண்டு மூன்று பணியாளர்கள். நிரலாளர் எப்போதாவது வருவார்.

கோப்புறைகளை மட்டும் நம்புவது ஒரு வழியே அல்ல. ஆனால் பல இடங்களில் அதுதான் நடைமுறை என்பதால் ஒரு வார்த்தை. ஒரே சுவடிக் கட்டில் நான்கு நூல்கள் இருக்கும். ஒரு நூல் இரண்டு கட்டுகளில் பிரிந்து கிடக்கும். கோப்பு ஒரே ஒரு கோப்புறைக்குள்தான் இருக்க முடியும். படியெடுத்து இரண்டு இடத்தில் போட்டால் அடுத்த ஆண்டு எது திருத்திய படி என்று யாருக்கும் தெரியாது.

புலத்தில் எழுதும் வழி

1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த பட்டறையில் பிறந்தது, ஆவண விவரங்களைப் பதிவதற்கான டப்ளின் கோர் என்ற தரமுறை. அதன் 15 கூறுகளில் ஒன்று 'தொடர்பு'. பின்னர் அதை நுட்பமாக்கி 'இதன் பகுதி', 'இதன் வேறு வடிவம்', 'இதற்குப் பதிலாக வந்தது' என்பன போன்ற உட்பிரிவுகளைச் சேர்த்தார்கள். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்ஸ்டோன், எம்.ஐ.டி.யும் ஹெச்.பி.யும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் ஆகிய மின்னூலக மென்பொருள்களை இந்திய நூலகர்கள் நன்றாக அறிவார்கள். நாட்டின் ஆய்வேடுகளைத் தாங்கும் சோத்கங்காவும் டிஸ்பேஸில்தான் ஓடுகிறது.

ஆய்வேட்டுக்கு இது போதும். ஓர் ஆய்வேட்டுக்கு ஓர் ஆசிரியர், ஒரு நெறியாளர், ஒரு பல்கலைக்கழகம், உறவுகள் குறைவு. நம் தொகுப்புகளில்தான் சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் இந்த வழியில் உறவு என்பது வெறும் எழுத்துச் சரம். ஒரு பணியாளர் 'ஔவையார்' என்று தட்டெழுதுவார். இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து 'ஒளவையார்' என்று எழுதுவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கணினிக்கு இரண்டு ஆட்கள். யூனிகோட் ஒழுங்காக்கம் 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து வருவதைச் சரிசெய்துவிடும். இந்த ஔகாரக் குழப்பத்தைச் சரிசெய்யாது. 'தாமோதரம் பிள்ளை', 'தாமோதரம்பிள்ளை', முன்னெழுத்துக்குப் பின் புள்ளி உண்டு, இல்லை, நடுவில் இடைவெளி உண்டு, இல்லை என்று ஒவ்வொன்றும் ஒரு புது மனிதரைப் பிறப்பிக்கும். புதுமைப்பித்தனையும் சொ. விருத்தாசலத்தையும் யார் சேர்த்துவைப்பது?

இன்னொரு குறை, இது ஒருவழிப் பாதை. உரைநூலின் பதிவில் மூலத்தைக் குறித்தால் மூலத்தின் பதிவுக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் எழுதச் சொன்னால் பணியாளர் ஒரு பக்கம் எழுதிவிட்டு மறு பக்கத்தை மறப்பார். அது மனித இயல்பு. பயிற்சி வகுப்பு நடத்தி மாற்ற முடியாது.

டிஸ்பேஸ் இதை உணர்ந்துதான் 2021இல் வந்த ஏழாம் பதிப்பில் ஆள், நிறுவனம், இதழ், தொகுதி, இதழின் தனி வெளியீடு என்று தனித்தனி உருக்களை வைத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. உறவை ஒருமுறை பதிந்தால் இரு பக்கமும் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே டிஸ்பேஸ் ஓடுகிறதென்றால் வேறு எங்கும் போக வேண்டாம். புதிய பதிப்புக்கு மாறி இந்த வசதியைத் திறந்துவிட்டால் பெரும்பாலான தேவை முடிந்துவிடும். சிறு நூலகம் புதிதாகத் தொடங்க அதை நான் சொல்ல மாட்டேன். நிறுவுவதும் பராமரிப்பதும் எப்போதாவது வரும் நிரலாளருக்கான வேலை அல்ல.

விக்கி வழி

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளை வைத்துக்கொண்டு ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டியது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பக்கம், ஒரு நூலக எண். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் வாரியாகப் பகுப்புகள். ஆளுமைகளுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. அவற்றின் கீழே 'வளங்கள்' என்ற தலைப்பில், இன்ன நூலக எண்ணுள்ள ஆவணத்தின் இன்ன பக்கங்களில் இவரைப் பற்றிய செய்தி இருக்கிறது என்று குறித்திருப்பார்கள். எனக்கு இந்தக் கடைசி வழக்கம் மிகவும் பிடிக்கும். நூலுக்கும் ஆளுக்கும் உள்ள உறவைப் பக்க எண் வரை இறக்கிச் சொல்வதைப் பெரிய பல்கலைக்கழகப் பட்டியல்களிலேகூட அரிதாகத்தான் காண முடியும்.

விக்கியின் பலம் ஆட்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டு திருத்தலாம். யார் எப்போது என்ன மாற்றினார் என்ற வரலாறு தானாக நிற்கும். 'இப்பக்கத்தை இணைத்தவை' என்ற வசதி பின்னோக்கிய இணைப்புகளை இலவசமாகத் தருகிறது. ஆனால் அந்த இணைப்புக்கு வகை கிடையாது. ஒரு பக்கம் தொல்காப்பியத்தைச் சுட்டுகிறது என்று தெரியும்; உரையாகச் சுட்டுகிறதா, மறுபதிப்பாகவா, போகிற போக்கில் குறிப்பிடுகிறதா என்று தெரியாது. சொற்பொருள் மீடியாவிக்கி என்ற நீட்சியைப் போட்டு இணைப்புக்கு வகை கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கத் தொடங்கும்போது விக்கியின் எளிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தன்னார்வலர்கள் பலர், பணம் குறைவு என்றால் இன்றைக்கும் இதுவே நல்ல தொடக்கம்.

நான்கு அடுக்குப் பட்டியல்

நூலகவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் கையை உயர்த்துவார்கள். உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட எஃப்.ஆர்.பி.ஆர். மாதிரியும் அதைத் திருத்தி 2017இல் வந்த எல்.ஆர்.எம். மாதிரியும் இதற்குத்தானே? உண்மை. அவை மென்பொருள் அல்ல, சிந்திக்கும் முறை. படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, படி என்று நான்கு அடுக்குகள். திருக்குறள் ஒரு படைப்பு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதன் வெளிப்பாடுகளில் ஒன்று. 1886இல் அச்சான நூல் ஒரு வெளியீடு. நன்கொடையாளர் கையெழுத்தோடு உங்கள் அலமாரியில் இருப்பது ஒரு படி.

ஐரோப்பிய நாவலுக்கு இது அழகாகப் பொருந்தும். நம் செவ்விலக்கியப் பதிப்புகளில் உடனே முடிச்சு விழுகிறது. பரிமேலழகர் உரை, குறளின் வெளிப்பாடு அன்று. அது தனிப் படைப்பு. அதனால் 'திருக்குறள் பரிமேலழகர் உரையுடன்' என்று ஒரு நூல் வந்தால், அந்த ஒரே வெளியீட்டுக்குள் இரண்டு படைப்புகளின் வெளிப்பாடுகள் இருக்கின்றன. பதிப்பாசிரியர் குறிப்புரையும் எழுதியிருந்தால் மூன்று. இப்படி ஒரே வெளியீட்டில் பல வெளிப்பாடுகள் சேர்ந்துவரும் தொகைநூலை எல்.ஆர்.எம். ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மற்ற மொழிகளில் அது பெரும்பாலும் கதைத் தொகுப்புக்கும் கட்டுரைத் தொகுப்புக்கும் வேண்டியது. நமக்கு ஏறக்குறைய ஒவ்வொரு பழைய நூலுக்கும் வேண்டும். தொல்காப்பியத்தில் இன்னும் ஒரு படி மேலே: இளம்பூரணர் மூன்று அதிகாரங்களுக்கும் உரை எழுதினார், சேனாவரையருக்குச் சொல்லதிகாரம் மட்டும். அதிகாரத்தை ஒரு படைப்பின் பகுதியாகத் தனியே பதியாவிட்டால் சேனாவரையர் உரையை எதனோடு கட்டுவது என்று தெரியாது.

மறு பக்கத்தில், ஒருமுறை மட்டும் அச்சாகிக் காணாமற்போன துண்டறிக்கைக்கும் இந்த மாதிரி நான்கு பதிவுகள் கேட்கும். படைப்பு ஒன்று, வெளிப்பாடு ஒன்று, வெளியீடு ஒன்று, படி ஒன்று. பணியாளர் இரண்டாம் வாரமே சலித்துப்போவார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

நான் சொல்வது: நான்கை இரண்டாக மடியுங்கள். 'படைப்பு' ஒரு பதிவு, 'பதிப்பு' ஒரு பதிவு. ஸ்கேன் கோப்புகளும் படி பற்றிய குறிப்பும் பதிப்பின் கீழே. மொழிபெயர்ப்பா மூலமா என்பதைப் பதிப்பு படைப்பைச் சுட்டும் உறவின் பெயரிலேயே சொல்லிவிடலாம். படைப்புப் பதிவை எல்லா நூலுக்கும் உருவாக்க வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்போ உரையோ மொழிபெயர்ப்போ கைக்கு வரும் நாளில் உருவாக்கினால் போதும். தூய்மைவாதிகள் கோபிப்பார்கள். அவர்களிடம் இரண்டு பணியாளர்களைச் சம்பளத்தோடு அனுப்பிவைக்கச் சொல்லலாம்.

பதிவு பதிவைச் சுட்டும் வழி

இந்த மடித்த மாதிரியை அதிகத் தொல்லையில்லாமல் ஏற்றுக்கொள்ளும் மென்பொருள் ஒமேகா எஸ். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக மையத்திலிருந்து 2008இல் வந்த பழைய ஒமேகா, கண்காட்சி வைக்க நல்லது, உறவுகளுக்குப் போதாது. ஒமேகா எஸ் வேறு. அதில் ஒரு புலத்தின் மதிப்பாக எழுத்தையும் வைக்கலாம், இன்னொரு பதிவையும் வைக்கலாம். 'உரையாசிரியர்' புலத்தில் பேராசிரியர் என்று தட்டெழுதுவதற்குப் பதில் பேராசிரியரின் பதிவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவருடைய பக்கத்தைத் திறந்தால், அவரைச் சுட்டும் பதிவுகள் தாமாகவே கீழே வரிசையாகத் தெரியும். ஔவையாரை எத்தனை விதமாக எழுதினாலும் ஒரே பதிவுக்குள் மாற்றுப்பெயர்களாக அடக்கிவிடலாம். சாதாரண வலைத்தள வாடகைச் சர்வரிலேயே ஓடும்; விரிதாளில் தட்டெழுதியதை மொத்தமாக உள்ளே ஏற்றலாம்.

இதழ்த் தொகுப்புகளில் இந்த வழியின் அருமை தெரியும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. பிறகு நூலாகி, நாட்டுடைமையான பின் பல பதிப்பகங்களின் வெளியீடாகிவிட்டது. நூலை மட்டும் பட்டியலிட்ட நூலகத்தில் மணியத்தைத் தேடினால் வெறுங்கைதான். அத்தியாயம் ஒரு பதிவு, அது வந்த வார இதழ் ஒரு பதிவு, ஓவியம் ஒரு பதிவு என்று வைத்து, ஓவியம் அத்தியாயத்தையும் மணியத்தையும் சுட்ட, அத்தியாயம் இதழையும் நாவல் என்ற படைப்பையும் சுட்டும்படி செய்தால், வாசகர் எந்த வாசலில் நுழைந்தாலும் மற்றவற்றுக்குப் போய்ச் சேரலாம். இங்கே ஒரு நடைமுறை விதி உண்டு: பலவாக இருப்பது ஒன்றைச் சுட்டட்டும். அத்தியாயம் நாவலைச் சுட்ட வேண்டும். நாவலின் பதிவில் நூற்றுக்கணக்கான அத்தியாயங்களை வரிசைப்படுத்த உட்காரக் கூடாது. எதிர்த்திசையை மென்பொருள் காட்டிக்கொள்ளும்.

பக்கங்களின் உள்ளே நடப்பதற்கு ஒமேகாவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சுவடிக் கட்டின் எந்த ஏடு முதல் எந்த ஏடு வரை எந்த நூல் என்று சொல்ல ஐ.ஐ.ஐ.எஃப். என்ற படத்தர முறையில் 'வீச்சு' என்ற ஏற்பாடு இருக்கிறது. கட்டைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் நான்கு நூல்களுக்கும் தனித்தனி வாசல் வைக்க அது உதவும். ஒமேகா எஸ் அதோடு இணங்கிப் போகும்.

கூற்றாகப் பதியும் வழி

இப்போது 1885 பதிப்பின் உரையாசிரியர் சிக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் அது மேற்சொன்ன எதிலும் முழுதாகத் தீரவில்லை. 'இந்த உரை நச்சினார்க்கினியருடையது' என்பது பதிப்பு சொல்வது. 'பேராசிரியருடையது' என்பது ஆய்வு சொல்வது. இரண்டும் உறவுகள், இரண்டுக்கும் சொன்னவர் உண்டு. நம் இலக்கியத்தில் ஆசிரியர், காலம், உரையாசிரியர், எந்த ஏட்டிலிருந்து எந்தப் பதிப்பு என்பவற்றில் பாதி இப்படி யாரோ ஒருவர் நிறுவியதும் இன்னொருவர் மறுத்ததும்தான். உறவைப் பதிந்துவிட்டுச் சொன்னவரை விட்டால், நூலகம் தனக்குத் தெரியாமலே ஒரு தரப்பில் சேர்ந்துவிடுகிறது.

2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ள அமைப்பு இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அங்கே ஒவ்வோர் உறவும் ஒரு கூற்று. கூற்றுக்கு அடைமொழிகள் உண்டு: இன்ன இயல்களுக்கு மட்டும். சான்று உண்டு: இன்ன கட்டுரை. தரவரிசை உண்டு: ஏற்கத்தக்கது, இயல்பானது, கைவிடப்பட்டது. நச்சினார்க்கினியர் என்ற பழைய கூற்றை அழிக்காமல், கைவிடப்பட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். 1885 பதிப்பை அந்தப் பெயரால் தேடி வருபவரும் வழி தவற மாட்டார். இதே மென்பொருளை விக்கிபேஸ் என்ற பெயரில் நூலகமே சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம். நிறுவ ஆளில்லாதவர்களுக்கு ஜெர்மன் விக்கிமீடியா அமைப்பு நடத்தும் மேகச் சேவையும் இருக்கிறது.

ஆர்.டி.எஃப். மும்மைகளை நேரடியாக வைத்துக்கொள்ளும் ஃபெடோரா, அதன்மேல் கட்டிய ஐலண்டோரா போன்ற மென்பொருள்கள் இன்னொரு கிளை. எழுவாய், உறவு, செயப்படுபொருள் என்ற மூன்றே உறுப்புகளில் எதையும் சொல்லிவிடலாம் என்பது அவற்றின் பெருமை. ஆனால் 'இதை யார் சொன்னார்' என்ற நான்காவது செய்தி அந்த மூன்றுக்குள் இயல்பாக அடங்காது. அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். நிரந்தரப் பாதுகாப்பு முதன்மை என்ற பெரிய நிறுவனம் இவற்றை எண்ணிப் பார்க்கலாம். நம் அறக்கட்டளைக்கு வேண்டாம்.

விக்கிபேஸின் குறை, அது படங்களையும் பக்கங்களையும் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாசகர் முன் வைக்க வேறொரு முகப்பு வேண்டும். அதிலிருந்து தரவைக் கேட்டுப் பெறும் வினவல் மொழியைப் பட்டியலாளர் கற்றுக்கொள்ளவும் வேண்டும். தொகுப்பின் மையம் ஓலைச்சுவடியும் செவ்விலக்கியப் பதிப்புகளும் என்றால் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. இருபதாம் நூற்றாண்டு இதழ்களும் நாவல்களும் என்றால் இல்லை. அங்கே உரிமைச் சிக்கல் இருக்குமே தவிர உரையாசிரியர் சிக்கல் இருக்காது.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஒமேகா எஸ்ஸின் அண்மைப் பதிப்புகளில் ஒரு புலத்தின் மதிப்புக்கே குறிப்பு சேர்க்கலாம். உரையாசிரியர்: பேராசிரியர், குறிப்பு: பின்னியல்களுக்கு, இராகவையங்கார் கூற்றுப்படி. தரவரிசையும் நுட்பமான வினவலும் கிடைக்காது, சொன்னவர் பெயர் நிற்கும். என் கணக்கில் அந்த அறக்கட்டளை நூலகத்துக்கு இதுவே சரியான இடம்: ஒமேகா எஸ், மடித்த இரண்டு அடுக்கு, சர்ச்சைக்குரிய உறவுகளுக்கு மட்டும் குறிப்பு. பொதுவாக அறியப்பட்ட ஆட்களுக்கும் படைப்புகளுக்கும் விக்கித்தரவு எண்ணை ஒரு புலத்தில் எழுதிவைத்தால், பின்னாளில் கூற்று வழிக்குப் போக நினைத்தாலும் பாலம் தயாராக இருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அடையாள எண்ணில் பொருள் ஏற்றாதீர்கள். 'இலக்-சங்க-0042' என்று வைத்தால், அந்த நூல் சங்க இலக்கியம் அல்ல என்று தெரியும் நாளில் எண்ணை மாற்றுவீர்கள். அதைச் சுட்டிய அத்தனை இணைப்பும் அறுந்துபோகும். வெறும் தொடர் எண் போதும். வெளியாரும் மேற்கோள் காட்ட வேண்டும் என்றால் ஆர்க் என்ற அடையாள முறை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

மென்பொருளை முடிவு செய்யும் முன் விற்பனையாளரிடமோ நிரலாளரிடமோ ஒரு சோதனை கேளுங்கள்: ஐம்பது பதிவுகளை உறவுகளோடு உள்ளே ஏற்றி, வெளியே எடுத்து, வெறும் விரிதாளில் திறந்து காட்டட்டும். நூற்பெயர்கள் எல்லா மென்பொருளிலிருந்தும் பத்திரமாக வெளியே வரும். உறவுகள்தான் வழியில் உதிரும்.

எல்லா உறவையும் பதிய முயல வேண்டாம். ஒரே ஆண்டில் வந்தவை, ஒரே பொருளில் அமைந்தவை, இதைப் போன்ற மற்ற நூல்கள் என்பவற்றையெல்லாம் தேடல் கணக்கிட்டுக் காட்டும். கையால் பதிவது வீண். முதலில் ஆள் பதிவுகளை முடியுங்கள், மாற்றுப்பெயர்களோடு. அடுத்து இதழும் அதன் வெளியீடுகளும். மூலமும் உரையும் மூன்றாவதாக வரட்டும். அந்த வேலைக்குத் தமிழ் படித்த ஒருவர் மேசையருகே இருக்க வேண்டும், நிரலாளரால் அதைச் செய்ய முடியாது.